‘நேமன்’ வாய்க்கு வர எந்த வழி நல்லது: பட்டியல், அட்டை, வகுப்பு, ஜேர்மனியில் இருக்கும் சொந்தக்காரர்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஜேர்மன் படிப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: “ஒழுங்கற்ற வினைகளை எப்படிப் படிக்கிறது? பட்டியலைப் பாடமாக்கவா, கைபேசியில் அட்டை போடவா, வகுப்புக்குக் காசு கட்டவா, இல்லாட்டி அங்க இருக்கிற அண்ணாவோட கதைச்சுப் பழகவா?” கேட்பவர்களில் பாதிப்பேர் கணவனிடம் போய்ச் சேர ஏ1 (மொழித் தேர்ச்சியின் முதல் நிலை; அதற்கு மேலே ஏ2, பி1, பி2) சான்றிதழ் தேவைப்படும் பெண்கள். வாழ்க்கைத்துணை விசாவுக்கு 2007இலிருந்து அந்த நிபந்தனை இருக்கிறது. மற்றவர்கள் தாதியர், உயர்தரம் முடித்து அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி தேடும் பிள்ளைகள்.

பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. ஒரேயொரு வினையை எடுத்து, அதே வினையை நான்கு வழியாலும் படித்தால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். நான் தேர்ந்தெடுப்பது ‘நேமன்’. எடுத்தல், கொள்ளுதல் என்று பொருள். ஏ1இல் தேநீரோடு வந்து, பி2இல் நோயாளியின் இரத்தப் பரிசோதனை வரை கூடவே வரும் வினை இது.

முதலில் வினையைப் பார்ப்போம்

| யார் | வடிவம் |
|---|---|
| நான் | இஹ் நேம |
| நீ | டு நிம்ஸ்ட் |
| அவன், அவள் | எர் நிம்ட், ஸீ நிம்ட் |
| நாங்கள் | வீர் நேமன் |
| நீங்கள் (பழகிய பலர்) | ஈர் நேம்ட் |
| நீங்கள் (மரியாதை), அவர்கள் | ஸீ நேமன் |
| எழுத்து வழக்கு இறந்தகாலம் | இஹ் நாம் |
| பேச்சு வழக்கு இறந்தகாலம் | இஹ் ஹாப கெனொமன் |
| நீ, உனக்கான ஏவல் | நிம்! |

தமிழ் எழுத்தில் இந்த ஒலிகளை முழுதாகக் காட்ட முடியாது. ‘கெனொமன்’ தொடங்கும் ஒலி, ‘தங்கம்’ என்பதில் வரும் க. ‘இஹ்’ முடிவது ஷ் அல்ல, நாக்கை மேலே ஒட்டாமல் விடும் மெல்லிய காற்று. ஆனால் உயிரெழுத்தின் நீளத்தைத் தமிழ் மிகச் சரியாகக் காட்டிவிடும், இங்கே முக்கியமானதும் அதுதான். நேமன், நாம் இரண்டும் நெடில். நிம்ட், கெனொமன் இரண்டும் குறில். ஜேர்மன் எழுத்தில் இந்த வித்தியாசத்தை எழுத்துக்கூட்டல் காட்டும்: நேமனில் எம் எழுத்துக்கு முன்னால் ஒரு எச் எழுத்து இருக்கும். அது ஒலிக்காது, முன்னாலுள்ள உயிர் நெடில் என்று சொல்லும். நிம்ட், கெனொமன் இரண்டிலும் எச் போய்விடும், எம் இரண்டாகும். அந்த இரட்டை எம்மைப் பார்த்து ‘அம்மா’வில் அழுத்துவதுபோல் அழுத்த வேண்டாம். முன்னால் நிற்பது குறில் என்பதற்கு மட்டுமே அது அடையாளம். குறிலும் நெடிலும் பிறந்ததிலிருந்தே எங்கள் காதில் இருப்பதால் இந்த இடத்தில் தமிழருக்கு நல்ல வசதி உண்டு.

அடுத்தது, இந்த வினை தனியாக வராது. ‘டேர் புஸ்’ என்பது பஸ். அதை நேமனோடு சேர்த்தால் ‘இஹ் நேம டென் புஸ்’. டேர் டென் ஆனது எங்கள் ஐ உருபு செய்யும் அதே வேலை, இரண்டாம் வேற்றுமை. பிறகு முன்னொட்டுகள் வரும்: மிட்நேமன் என்றால் கூட எடுத்துச் செல்லுதல், டைல்நேமன் பங்குபற்றுதல், ட்ஸூநேமன் எடை கூடுதல். அப்நேமன் எடை குறைதல், இரத்தம் எடுத்தல் இரண்டுக்கும். இவை வாக்கியத்தில் இரண்டாகப் பிரிந்து, முன்னொட்டு கடைசிக்குப் போய்விடும்: ‘இஹ் நேம டிஹ் மிட்’, உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கடைசியாக, எங்கள் ‘எடு’வோடு ஒரு சிக்கல் இருக்கிறது. பஸ் எடு, லீவு எடு, குளிசை எடு என்று நாங்கள் சொல்லும் இடங்களில் ஜேர்மனும் நேமன் போடும். அதை நம்பி மற்ற எல்லா ‘எடு’வுக்கும் நேமன் போட்டால் பிழைக்கும். படம் எடுப்பதற்கு மஹன். பிரஷர் எடுப்பதற்கும் காய்ச்சல் பார்ப்பதற்கும் மெஸன். முடிவு எடுப்பதற்கு ட்ரெஃபன். கோல் எடுப்பதற்கு அன்ரூஃபன். பரீட்சை எடுப்பதற்கும் மஹன்தான். ‘நேரம் எடுக்கும்’ என்பதற்கு டவர்ட் என்று வேறு வினையே இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பவர்களுக்கும் இதே குழிகள் இருக்கின்றன, ஆங்கிலமும் படத்தையும் பரீட்சையையும் நேரத்தையும் ‘டேக்’ என்றுதான் சொல்கிறது. வைத்தியசாலையில் வேலை செய்யப் போகிறவர்கள் இந்தப் பந்தியைக் கொப்பியில் எழுதி வைக்கலாம்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

எல்லாவற்றுக்கும் மேலாக நான் பார்ப்பது வேகம். பேக்கரியில் ஒருவர் முன்னால் நின்று கேட்கும்போது, மனதில் பட்டியலைப் புரட்டாமல் ‘இஹ் நேம’ வர வேண்டும். இரண்டாவது, வினையோடு டென் புஸ், மிட், அப் எல்லாம் சேர்ந்து வருகிறதா. மூன்றாவது, பிழை விட்டால் யார் பிடிப்பார்கள். நான்காவது, ஒரு வினைக்குச் செய்த உழைப்பு அடுத்த வினைக்கு உதவுமா. ஐந்தாவது செலவு: காசு மட்டுமல்லாமல் நேரம், பயணம், பிறகு திருத்த முடியாமல் ஒட்டிக்கொள்ளும் பிழைகள் எல்லாமே.

பரீட்சையை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை, ஆனால் அது என்ன கேட்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜேர்மன் மொழி, கலாசார நிறுவனமான கோதே நடத்தும் ஏ1 பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் உண்டு. 100க்கு 60 எடுத்தால் சித்தி. பேசும் பகுதியில் உங்களை அறிமுகப்படுத்துவீர்கள், சொல் அட்டை எடுத்துக் கேள்வி கேட்பீர்கள், பட அட்டை எடுத்து ஏதாவது வேண்டுகோள் விடுப்பீர்கள். மூன்றிலும் மரியாதை வடிவமான ‘ஸீ’யில் பேசினால் போதும், அப்போது நேமன் மாறாமல் நேமனாகவே நிற்கும். நிம்ஸ்ட், நிம்ட் இரண்டும் கேட்டல் பகுதியில் வரும், அங்கே காதில் பிடிபட்டால் போதும். பி1 அப்படியல்ல. எழுதும் பகுதியில் நண்பருக்கு ஏறக்குறைய 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல் வரும், நடந்த ஒன்றை விவரிக்கச் சொல்வார்கள். அங்கே கெனொமன், மிட்கெனொமன், டைல்கெனொமன் இல்லாமல் ஒப்பேற்றுவது கஷ்டம்.

பட்டியலைப் பாடமாக்குதல்

நேமன், நாம், கெனொமன். கேபன், காப், கெகேபன். இப்படி மூன்று நிரல் பட்டியல் எந்த ஜேர்மன் புத்தகத்தின் பின்பக்கத்திலும் கிடைக்கும். காசு இல்லை, கரண்ட் தேவையில்லை, ரயிலில் நின்றுகொண்டும் படிக்கலாம். பாடமாக்குவதில் எங்களுக்குப் பழக்கமும் இருக்கிறது.

குறை, அது வாயில் உட்காரும் விதத்தில் இருக்கிறது. வாய்ப்பாட்டை ஓரேழு ஏழிலிருந்து தொடங்கினால்தான் எட்டேழு வரும் என்பவர்கள் எத்தனை பேர்! அதேபோல் பட்டியலில் படித்தவருக்குக் கெனொமன் தேவைப்பட்டால் நேமனிலிருந்து தொடங்கி ஓட வேண்டியிருக்கிறது. எதிரே நிற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். இன்னொன்று, மூன்று நிரல் பட்டியலில் ‘நிம்ட்’ இருக்காது. அன்றாடம் அதிகம் தேவைப்படுவது அது, அதிகம் தேவைப்படாதது ‘நாம்’. பேச்சில் ஜேர்மனியர்கள் பெரும்பாலும் ‘ஹாப கெனொமன்’ என்றுதான் சொல்வார்கள், தெற்கே போகப்போக இன்னும் கூடுதலாக. நாம் என்பது செய்தியிலும் கதையிலும் வாழ்கிறது. ஆகப் பட்டியலில் படிப்பவர் தேவையில்லாததை முதலிலும் தேவையானதைக் கடைசியிலும் படிக்கிறார். பட்டியல்தான் என்று முடிவெடுத்தால் நான்கு நிரலாகப் போடுங்கள்: நேமன், நிம்ட், நாம், ஹட் கெனொமன். ‘ஹட்’டைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால், துணைவினைகளான ஹாபன் (ஹாப, ஹட்), ஸைன் (பின்) இரண்டில் எதோடு சேரும் என்ற கேள்வி ஒவ்வொரு வினையிலும் தொங்கும். வருதல் என்ற பொருளுள்ள கொமன், காம், கெகொமன் என்பது நேமனின் உடன்பிறப்புப்போல ஒலிக்கிறது, ஆனால் ‘இஹ் பின் கெகொமன்’ என்று வேறு துணைவினையோடு போகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படித்துக் குழம்புவது நிச்சயம்.

பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்ப வாசிப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு, படித்துவிட்டோம் என்ற நம்பிக்கையை அது சீக்கிரம் கொடுத்துவிடும். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் பந்திகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அது பந்திகளில் செய்த சோதனை. வினைப் பட்டியலுக்கும் இதையே பரிந்துரைப்பேன்: ஒரு நிரலைக் கையால் மறைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பட்டியல் சிறந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. இருபது முப்பது வினை தெரிந்த பிறகு அவற்றைக் குடும்பமாக அடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை. நேமன், ஷ்ப்ரெஹன், ட்ரெஃபன், ஹெல்ஃபன் நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: நீ, அவன் வடிவத்தில் இகரம், எழுத்து இறந்தகாலத்தில் அகரமோ ஆகாரமோ, கெ வடிவத்தில் ஒகரம். அதைப் பட்டியலில் பார்த்தால் ஒரே பார்வையில் தெரியும்.

வாக்கிய அட்டை

நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஆனால் எல்லோரும் செய்யும் விதத்தில் இல்லை. கைபேசியில் அன்கி போன்ற செயலி, இல்லையென்றால் கொப்பி அட்டையை வெட்டிய துண்டுகள், எதுவானாலும் சரி. செயலியின் பலம், மறக்கப் போகும் நேரம் பார்த்து அது அட்டையைத் திருப்பிக் காட்டுவது. அன்கி கணினியிலும் அன்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கட்ட வேண்டும்.

பலர் செய்வது, யாரோ செய்து வைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்வது. முன்பக்கம் ‘நேமன்’, பின்பக்கம் ‘எடு’. அப்படிப் படித்தால் மேலே சொன்ன படம், பிரஷர், பரீட்சை எல்லாவற்றிலும் விழுவீர்கள். அட்டையை நீங்களே செய்யுங்கள், சொல்லை வைக்காமல் சூழலை வையுங்கள். உதாரணத்துக்கு இரண்டு:

முன்பக்கம்: *பேர்லின் பேக்கரி. “ஹியர் எஸன் ஓடர் ட்ஸும் மிட்நேமன்?” என்று கேட்கிறார். பார்சல் என்று சொல்லுங்கள்.*
பின்பக்கம்: *ட்ஸும் மிட்நேமன், பிட்ட.*

முன்பக்கம்: *வார்டில் காலை. வயதான அம்மாவிடம், குளிசை எடுத்துவிட்டாரா என்று மரியாதையாகக் கேளுங்கள்.*
பின்பக்கம்: *ஹாபன் ஸீ ஈர டப்லெட்டன் ஷோன் கெனொமன்?*

முதலாவது, கொழும்பில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கேட்கும் “இங்க சாப்பிடுறீங்களா, பார்சலா?” என்பதேதான். காட்சி ஏற்கெனவே மனதில் இருக்கிறது, அதில் ஜேர்மன் மட்டும் புதிது, அதனால்தான் ஒட்டுகிறது. இரண்டாவதில் ஹாபன் இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்து கேள்வியாகிறது, கெனொமன் கடைசியில் நிற்கிறது, அதையெல்லாம் இலக்கணமாக நினைக்காமலே வாய் பழகுகிறது. இன்னொன்றும் சேர்க்கலாம்: ‘வைல் இஹ் டென் புஸ் நேம’, நான் பஸ் எடுப்பதால். வைல் வந்தால் வினை கடைசிக்குப் போகும். தமிழில் வினை எப்போதும் அங்கேதான் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வாக்கிய அமைப்பு சீக்கிரம் பிடிபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வினைக்கு ஆறு ஏழு அட்டை போதும். பின்பக்கத்தை ஜேர்மன் எழுத்திலேயே எழுதுங்கள். இங்கே நான் தமிழில் எழுதுவது ஒலிக்காக. தமிழில் எழுதிப் பழகினால் எழுதும் பரீட்சையில் அந்த எச் எழுத்தும் இரட்டை எம்மும் காணாமல் போகும்.

மறைந்திருக்கும் செலவுகள்: அட்டை செய்ய நேரம் போகும், ஒரு நல்ல அட்டைக்கு வாக்கியம் தேடி, சரியா என்று பார்க்க வேண்டும். நாலு நாள் விட்டால் திருப்பிப் பார்க்க வேண்டியவை குவிந்து பயமுறுத்தும். எல்லாவற்றையும்விடப் பெரியது, வாய் திறக்காமல் “தெரியும்” பொத்தானை அழுத்திக்கொண்டே போவது. பஸ்ஸில் இருந்து மனதுக்குள் சொன்ன விடை, கவுன்டரில் நிற்கும்போது வாயால் வராது. சத்தமாகச் சொல்ல முடியாத இடத்தில் அட்டை பார்க்காமல் இருப்பது நல்லது. பிழையான வாக்கியத்தை அட்டையில் எழுதியிருந்தால் செயலி அந்தப் பிழையையும் அதே அக்கறையோடு பாடமாக்கிக் கொடுக்கும், அதைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும்.

வகுப்பு

கொழும்பு 7, கிரெகரிஸ் வீதியில் கோதே நிறுவனம் இருக்கிறது. அதற்கு வெளியே காலி வீதி நெடுகவும் புறநகரிலும் சிறிதும் பெரிதுமாகத் தனியார் வகுப்புகள். வீட்டுக்கு வந்து சொல்லித் தருபவர்களும் உண்டு. கோதேயின் பரீட்சையை எழுத அங்கேயே படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியில் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். இதைச் சிலர் தெரியாமல், காசு இல்லை என்று பரீட்சையையே தள்ளிப்போடுகிறார்கள்.

வகுப்பில் கட்டாயம் கிடைக்க வேண்டிய பொருள் திருத்தம். ‘டு நேம்ஸ்ட்’ என்று சொன்ன கணத்தில் ஒருவர் நிறுத்தி ‘நிம்ஸ்ட்’ என்று சொல்ல வைக்க வேண்டும். விளக்கத்துக்காக வகுப்புக்குப் போக வேண்டிய காலம் போய்விட்டது. ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லெ இலவசமாகவே ஏ1இலிருந்து பி1 வரை பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, விளக்கம் அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆகவே வகுப்பு தேடும்போது நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? 90 நிமிட வகுப்பில் 20 பேர் இருந்து, ஆசிரியர் பாதி நேரம் பேசினால், உங்களுக்கு வருவது இரண்டேகால் நிமிடம். அதில் நேமன் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். ஆறு பேர் இருக்கும் சின்ன வகுப்பு, சுமாரான கட்டிடத்தில் நடந்தாலும், அந்த வகையில் பெறுமதி கூடியது.

மறைந்திருக்கும் செலவு கட்டணச் சீட்டில் இல்லாதது. வெள்ளவத்தையிலிருந்து கறுவாத்தோட்டத்துக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய், இருட்டினபிறகு திரும்பி வருவது ஒரு நாளின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சின்னப் பிள்ளை உள்ள தாய்க்கு இதைவிடப் பெரிய செலவு வேறில்லை. மொழியும் ஒரு செலவு: பல வகுப்புகளில் விளக்கம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து கொழும்பில் தங்கிப் படிப்பவர், ஜேர்மனைப் புரிந்துகொள்ள முதல் அந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ளவே பாடுபடுவார். இரண்டாம் வேற்றுமையைத் தமிழில் ஐ உருபை வைத்துச் சொன்னால் பத்து நிமிடத்தில் விளங்கும் விஷயம், வேற்று மொழியில் மாதக்கணக்கில் மங்கலாகவே கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பணம் கட்ட முதல் ஒரு வகுப்பில் சும்மா இருந்து பார்க்கக் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வகுப்பின் இன்னொரு இயல்பு, அது புத்தகத்தின் வரிசையில்தான் போகும். நேமன் சாப்பாட்டுப் பாடத்தில் வரும், பிறகு நெடுநாள் கழித்து இறந்தகாலப் பாடத்தில் திரும்பி வரும். இடையில் அதை உயிரோடு வைத்திருப்பது உங்கள் வேலை. அந்த இடைவெளிக்குத்தான் அட்டை.

ஜேர்மனியில் இருக்கும் சொந்தக்காரர்

எங்களில் அனேகருக்கு அங்கே ஒருவராவது இருக்கிறார். வட்ஸ்அப் இருக்கிறது, காசு இல்லை. அங்கே கோடைகாலத்தில் நேரம் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் நாலரை. எங்கள் இரவு ஒன்பது மணி, அவர்கள் வேலை முடிந்து வரும் நேரம்.

சொந்தக்காரரிடம் கிடைப்பது உண்மையான வேகம். புத்தகத்தில் இல்லாத ‘நிம் நோஹ் வஸ்!’, இன்னும் கொஞ்சம் எடு, என்பதெல்லாம் அங்கேதான் வரும். கணவன் வீட்டாரோடு சாப்பாட்டு மேசையில் உட்காரப் போகும் பெண்ணுக்கு ‘நிம்ஸ்ட் டு ட்ஸுக்கர்?’, சீனி எடுப்பாயா, என்பது ஏ1 பரீட்சையைவிட அவசரமாகத் தேவைப்படும். அந்த ‘டு’ வடிவங்களை வகுப்பு குறைவாகவே தரும், வீடு நிறையத் தரும்.

ஆனால் யாரோடு பேசுவது என்பதில் கவனம் வேண்டும். கணவனை ஆசிரியராக்க வேண்டாம் என்பேன். இரண்டு நிமிடத்தில் பேச்சு தமிழுக்கு வந்துவிடும், வராவிட்டால் திருத்தலே சண்டையாகிவிடும். தொழிற்சாலையிலும் சமையலறையிலும் காதால் கேட்டு மொழி பழகிய மூத்தவர்கள் தைரியமாக, தடையில்லாமல் பேசுவார்கள். அந்தத் தைரியத்தை அவர்களிடம் படிக்க வேண்டும். டேர், டென் வேறுபாட்டை மட்டும் வேறிடத்தில் படியுங்கள். மிகச் சிறந்த ஆசிரியர் அங்கேயே பள்ளிக்கூடம் போகும் மருமகளோ மருமகனோதான். “மாமி, நேம்ஸ்ட் இல்ல, நிம்ஸ்ட்!” என்று கூச்சம் பார்க்காமல் உடனே சொல்லும். ஏன் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது, கேட்கவும் வேண்டாம். கிழமைக்கு இருமுறை, பத்து நிமிடம், அந்தக் கிழமை செய்த அட்டைகளை வாசித்துக் காட்டுங்கள். அட்டையில் பிழை இருந்தால் அங்கேயே பிடிபடும்.

மறைந்திருக்கும் செலவு பரீட்சையில் வரும். வீட்டில் ‘டு’ மட்டும் பழகியவர், பரீட்சகரின் முன்னால் ‘நிம்ஸ்ட் டு’ என்று தொடங்குவார். முன்பின் தெரியாத பெரியவரை ‘நீ’ என்று கூப்பிட்டதுபோல் அது நிற்கும். ‘ஸீ நேமன்’, ‘நேமன் ஸீ பிட்ட ப்ளட்ஸ்’ (தயவுசெய்து உட்காருங்கள்) இரண்டையும் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரே பார்வையில்

| | பட்டியல் | வாக்கிய அட்டை | வகுப்பு | சொந்தக்காரர் |
|---|---|---|---|---|
| வாய்க்கு வரும் வேகம் | மெதுவு | நல்லது, சத்தமாகச் சொன்னால் | பேசக் கிடைக்கும் நிமிடத்தைப் பொறுத்தது | மிக நல்லது |
| டென், மிட், அப் சேர்ந்து வருமா | வராது | வரும் | வரும் | ஆளைப் பொறுத்தது |
| பிழையைப் பிடிப்பவர் | இல்லை | இல்லை | ஆசிரியர் | பிள்ளைகள் |
| அடுத்த வினைக்கு உதவுமா | குடும்பம் தெரியும் | ஓரளவு | ஓரளவு | குறைவு |
| மறைந்த செலவு | தெரிந்துவிட்டதென்ற மயக்கம் | செய்யும் நேரம், குவியும் பாக்கி | பயணம், விளக்க மொழி | டு மட்டும் பழகுதல் |

யாருக்கு எது

*ஏ1 எழுதி விசாவுக்குக் காத்திருப்பவர், கையில் மூன்று நாலு மாதம்:* அட்டையும் மருமகப் பிள்ளையும் போதும், இயன்றால் கடைசி மாதத்தில் பரீட்சைக்கான சின்ன வகுப்பு. நேமனில் நாலு வடிவம்தான் வாயில் தேவை: இஹ் நேம, ஸீ நேமன், ஏவலாக நேமன் ஸீ, அன்றாடப் பேச்சுக்காக எர் நிம்ட். நிம்ஸ்டைக் காதுக்கும் வீட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ‘நாம்’ பக்கமே போக வேண்டாம்.

*தாதியர்:* தகைமை அங்கீகாரத்துக்குப் பொதுவாகப் பி2 கேட்பார்கள், ஆகவே வகுப்பைத் தவிர்க்க வழியில்லை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஒன்லைன் சிறு குழு சிலருக்கு ஒத்துவரும், இரவு ஷிப்ட் முடித்து நேரே வகுப்பில் இருப்பதில் பலன் இல்லை. அட்டைகளை வார்டுக் காட்சிகளாகவே செய்யுங்கள்: ‘இஹ் நேம ஈனன் யெட்ஸ்ட் ப்ளூட் அப்’, இப்போது உங்களுக்கு இரத்தம் எடுக்கிறேன். எடை குறைந்தது, கூடியது, நோயாளி வார்டில் சேர்க்கப்பட்டார், மூன்றும் அப்கெனொமன், ட்ஸூகெனொமன், அவுஃப்கெனொமன். பிரஷருக்கும் காய்ச்சலுக்கும் மெஸன் என்று எதிர் அட்டையும் ஒன்று இருக்கட்டும்.

*உயர்தரம் முடித்து அவுஸ்பில்டுங் அல்லது பல்கலைக்கழகம் பார்ப்பவர்:* நேரம் இருக்கிறது, நினைவும் நன்றாக இருக்கிறது. வகுப்பு, அட்டை, பி1 நெருங்கும்போது நான்கு நிரல் பட்டியல், மூன்றையும் இந்த வரிசையில் செய்யலாம். பட்டியலில் தொடங்கிப் பாதியில் சலித்து விடுபவர்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர், அதனால் வரிசை முக்கியம்.

*வீட்டை விட்டு நகர முடியாதவர், வகுப்புக்குக் காசும் இல்லாதவர்:* டொய்ச்ச வெல்லெ பாடம் ஒன்று, கொப்பி அட்டை, வட்ஸ்அப்பில் ஒரு பிள்ளை. எழுத்துப் பகுதிக்கு மட்டும் யாராவது ஒரு ஆசிரியரிடம், எழுதியதைத் திருத்தித் தருவதற்கென்று தனியாகக் காசு கொடுங்கள். முழு வகுப்புக்கு வரும் செலவில் சிறு பங்குதான் அது, பலர் சம்மதிப்பார்கள்.

நேமன் தடையில்லாமல் வரத் தொடங்கினால் அடுத்து கேபன், கொடுத்தல்: கிப்ஸ்ட், கிப்ட், கெகேபன். கடையில் ஒருவர் கொடுக்க மற்றவர் எடுப்பதால் பழைய அட்டைக் காட்சிகளிலேயே அது உட்காரும். அதன்பிறகு ஷ்ப்ரெஹன், ட்ரெஃபன். கொமனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கெனொமனும் கெகொமனும் ஒரே கிழமையில் வேண்டாம்.